சிற்ப வேலைக்கும் சிற்ப ஆய்வுக்கும் நிதியுதவி: கொழும்பிலிருந்து விண்ணப்பிப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிற்பம் கைக்காசைக் கரைக்கும் கலை. கல்லோ வெண்கலமோ மரமோ, வேலை தொடங்கும் முன்பே பணம் இறங்கிவிட வேண்டும். விற்றால் விற்றது, விற்காவிட்டால் முற்றத்தில் மழையில் நிற்கும். கொழும்பில் வேலைத்தள வாடகையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. அதனால் நிதியுதவி கிடைத்தால்தான் பெரிய வேலை ஒன்றைத் தொடங்கவே முடியும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள்.

ஆனாலும் நம்மவர்கள் விண்ணப்பிப்பது குறைவு. விண்ணப்பித்துத் தோற்பவர்களும் பெரும்பாலும் கைத்திறமையில் தோற்பதில்லை. தம் வேலைக்குப் பொருந்தாத இடத்துக்கு எழுதுகிறார்கள், அல்லது தம் உழைப்புக்குக் கூலியே போடாத ஒரு கணக்கை அனுப்புகிறார்கள். இந்த இரண்டையும் திருத்திக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதனால் கீழே அந்த இரண்டு இடங்களிலும் கூடுதல் நேரம் நின்று பேசுகிறேன்.

படி 1: உங்கள் வேலை எந்த வகை என்று தீர்மானியுங்கள்

புதிதாக ஒரு சிற்பம் செய்வது ஒரு வகை. சிற்பத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதுவது இன்னொன்று. பயிற்சிக்காகவோ பார்வையிடுவதற்காகவோ பயணம் போவது வேறு. அழிந்துவரும் செய்முறையைப் பதிவு செய்வது, பொது இடத்தில் சிலை நிறுவுவது ஆகியவையும் தனித்தனி வகைகள். ஒவ்வொன்றுக்கும் தருபவர்கள் வேறு, அவர்கள் கேட்கும் கேள்விகளும் வேறு.

ஓர் உதாரணம். கொட்டாஞ்சேனையில் கோயில் வாகனங்கள் செய்யும் ஒரு சிற்பாசாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோயில் ஒன்று புதிதாகக் குதிரை வாகனம் கேட்கிறது, பணம் போதவில்லை. இதற்காக வெளிநாட்டுக் கலை அறக்கட்டளைக்கு எழுதினால் அநேகமாகக் கிடைக்காது. இன்னொருவர் சொல்லிச் செய்விக்கும் வேலைக்குப் பல அறக்கட்டளைகள் உதவுவதில்லை. ஆனால் அதே ஆசாரி மரம் தெரிவு செய்வது, தாளம் என்ற அளவு முறையில் உருவத்தைப் பகுப்பது, மூட்டுகளைப் பொருத்துவது ஆகியவற்றைப் படமாகவும் பேச்சாகவும் பதிவு செய்ய ஒரு பல்கலைக்கழக விரிவுரையாளர் முன்வந்தால், அது செய்முறை அறிவைப் பேணும் திட்டம். அதற்கென்றே பணம் வைத்திருப்பவர்கள் உண்டு. ஒரே பட்டறை, ஒரே கைகள், ஆனால் விண்ணப்பம் வேறு.

இரண்டு வகைகளைக் கலந்து ஒரே விண்ணப்பத்தில் போடாதீர்கள். 'சிலையும் செய்வேன், புத்தகமும் எழுதுவேன், மாணவர்களுக்கும் கற்பிப்பேன்' என்று எழுதினால், வாசிப்பவருக்கு எது முதன்மை என்று தெரியாமல் போகும்.

படி 2: யார், யாருக்கு, எதற்குத் தருகிறார்கள்

தனி ஆளாகச் சிற்பம் செய்பவருக்கு முதலில் சொல்ல வேண்டியது பொலொக்-கிராஸ்னர் அறக்கட்டளை. ஓவியர் லீ கிராஸ்னரின் சொத்திலிருந்து 1985இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்டது. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். 50,000 அமெரிக்க டொலர் வரை தருகிறார்கள். கலைத்தரம், பணத்தேவை இரண்டையும் பார்ப்பார்கள், ஆகவே வருமானத்தை உள்ளபடி காட்ட வேண்டும். மாணவர்களுக்கும் கைவினைப் பொருள் செய்பவர்களுக்கும் தருவதில்லை. பழைய கடன் அடைக்கவும், பிறர் கேட்டுச் செய்விக்கும் வேலைக்கும் தருவதில்லை.

மொன்றியலில் உள்ள எலிசபெத் கிரீன்ஷீல்ட்ஸ் அறக்கட்டளை வளர்ந்துவரும் கலைஞர்களுக்கானது. சிற்பமும் அதில் அடங்கும், பிறநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஒரு நிபந்தனை: உருவம் தெரிய வேண்டும். மனிதர், விலங்கு, பொருள் என்று அடையாளம் காணக்கூடிய வேலைக்கே உதவி, முழுக்க அரூபமான வேலைக்கு இல்லை. கோயில் சிற்ப மரபில் கை பழகி, பின் தன் பாட்டில் உருவச் சிற்பம் செய்யும் இளையவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு என்பது என் கருத்து. இதை நம்மிடையே போதிய அளவு பேசுவதில்லை.

வயதில் மூத்தவர்களுக்கு அடோல்ஃப் அன்ட் எஸ்தர் கொட்லிப் அறக்கட்டளை இருக்கிறது. குறைந்தது 20 வருடம் முதிர்ந்த நிலையில் வேலை செய்துவந்த ஓவியர், சிற்பி, அச்சுப்படக் கலைஞர்களுக்கு உதவுகிறது. இங்கும் பணத்தேவையைக் காட்ட வேண்டும். இதற்கு எதிர்முனையில், தொழில்வாழ்வின் முதல் சில வருடங்களில் இருப்பவர்களுக்கு நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளோஸ் நிதியம் 5,000 யூரோ தொடக்க விருது தருகிறது. சமூகக் கேள்வி ஒன்றைத் தொட்டு நிற்கும் வேலைகளையே அவர்கள் தேடுகிறார்கள்.

ஆய்வாளர்களுக்கு முதல் வாசல் ஹென்றி மூர் அறக்கட்டளை. சிற்பி ஹென்றி மூர் தாம் உயிரோடிருந்த காலத்திலேயே, 1977இல், அதை நிறுவினார். சிற்பத்துக்கென்றே நிற்கும் நிதியமைப்புகள் உலகில் சிலவே, அவற்றில் இது பெரியது. இதில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். புதிய படைப்புகளுக்கும் கண்காட்சிகளுக்குமான உதவிக்கு நிறுவனங்களே விண்ணப்பிக்க வேண்டும், தனிச் சிற்பி நேரே கேட்க முடியாது. ஆனால் லீட்ஸ் நகரில் உள்ள ஹென்றி மூர் நிறுவகம் ஆய்வாளர், கலைஞர், கண்காட்சிப் பொறுப்பாளர் ஆகியோரைக் குறுகிய கால ஆய்வு உறுப்பினர்களாக அழைத்து, அங்குள்ள சிற்ப நூலகத்தையும் ஆவணங்களையும் பயன்படுத்த இடம் தருகிறது. ஏற்கெனவே செலவழித்து முடித்த பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். அனேகமாக எந்த அறக்கட்டளையும் தராது.

செய்முறையைப் பதிவு செய்பவர்களுக்குப் பிரித்தானிய அருங்காட்சியகத்தின், அருகிவரும் பொருள்சார் அறிவுத் திட்டம் (Endangered Material Knowledge Programme) பொருந்தும். மறைந்துபோகும் ஆபத்தில் உள்ள செய்முறைகளை ஒலி, ஒளி, படமாகப் பதிந்து யாவரும் பார்க்கும்படி வைப்பதே அதன் நோக்கம். மெழுகு வார்ப்பு, தேர்ச்சிற்பம், சுதைவேலை எல்லாம் இதற்குள் வரும். விண்ணப்ப அழைப்பு வந்திருக்கிறதா என்பதை அவ்வப்போது பாருங்கள்.

நேரம் வீணாகாமல் இருக்க இதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலுள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபொர் தி ஆர்ட்ஸ் இந்தியக் குடிமக்களுக்கானது. சார்ள்ஸ் வொலஸ் அறக்கட்டளைகள் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், மியன்மார் ஆகிய நாடுகளுக்கு உண்டு, இலங்கைக்கு இல்லை. தமிழ்நாட்டு நண்பர்கள் அனுப்பும் அறிவிப்புகளில் இவை அடிக்கடி வரும். குடியுரிமை நிபந்தனையை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

விண்ணப்பக் கட்டணம் கேட்கும் இடங்களில் எச்சரிக்கையாக இருங்கள். 'தெரிவாகிவிட்டீர்கள், பணத்தை விடுவிக்க முதலில் கட்டணம் அனுப்புங்கள்' என்று வரும் மின்னஞ்சல் மோசடிதான்.

படி 3: கொழும்புக்குள் தட்ட வேண்டிய கதவுகள்

உள்ளூரில் பெரிய தொகையை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வெளிநாட்டு விண்ணப்பத்துக்குத் தேவையான சான்றுகள், அதாவது கண்காட்சி, பரிந்துரை, பதிவு எல்லாம் இங்கிருந்துதான் வர வேண்டும். உங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். கலைஞராகப் பதிவது பற்றியும் கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் அறிவித்தல்கள் பற்றியும் அவரிடம் கேளுங்கள். கோயில் சிற்ப மரபு சார்ந்த வேலைக்கு இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களத்தையும், கைப்பணி சார்ந்ததற்குத் தேசிய அருங்கலைகள் பேரவையையும் அணுகலாம்.

ஜோர்ஜ் கீற் அறக்கட்டளை 1993இலிருந்து நடத்திவரும் கலா பொல திறந்தவெளிக் கலைச்சந்தையில் சிற்பங்களும் இடம்பெறும். ஒருமுறை அங்கே நின்றால் விற்பனை வருகிறதோ இல்லையோ, உங்கள் வேலை பொதுவெளியில் வந்ததற்கான சான்று கையில் இருக்கும். தீர்த்த கலைஞர் கூட்டமைப்பு, கொழும்பு ஸ்கோப் கலைவிழா, மும்மொழியிலும் இயங்கும் நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம் ஆகியவற்றின் அழைப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். ஜெர்மன் பண்பாட்டு நிலையமான கொழும்பு கதே நிறுவகமும் பிரெஞ்சுப் பண்பாட்டு நிலையமான அலியான்ஸ் பிரான்சேசும் கலை நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. அங்கே போய்ப் பேசுவது நல்லது. மின்னஞ்சலைவிட நேரே போய் அறிமுகமாவதுதான் இந்த ஊரில் பலிக்கும்.

பயிற்சிக்கு இந்தியா போக விரும்புபவர்கள், இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும் புலமைப்பரிசில்களைக் கவனியுங்கள். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் படிக்க ஆசைப்பட்டால், புலமைப்பரிசில் பட்டியலில் அது அடங்குமா என்பதை முதலிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள்.

படி 4: படங்கள்

தெரிவுக் குழுவில் இருப்பவர் உங்கள் சிலையைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. அவர் காண்பது படம் மட்டுமே, அதையும் சில நொடிகள்தான்.

சிலையை வெளிறிய சுவருக்கு முன், சுவரிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி வையுங்கள். மின்குமிழை நேரே முகத்தில் அடிக்காதீர்கள், தட்டையாகிவிடும். ஒரு பக்க ஜன்னல் வெளிச்சத்தில், காலை எட்டு மணியளவில் எடுத்தால் உளிக்கோடுகள் தெரியும். கொழும்பு நடுப்பகல் வெயிலில் கருங்கல் சாம்பலாகவும் வெண்கலம் வெறும் மினுக்கமாகவும்தான் வரும். ஒவ்வொரு வேலைக்கும் முன்பக்கம், சற்றுப் பக்கவாட்டாக முக்கால் பக்கம், நெருக்கத்தில் ஒரு நுணுக்கம் என மூன்று போதும். அளவு புரிய ஒரு படத்தில் ஆள் பக்கத்தில் நிற்கட்டும். பின்னால் உடுப்புக் கொடி, மோட்டார் சைக்கிள், பட்டுத்துணி எதுவும் வேண்டாம். கோயில் வேலை என்றால், கும்பாபிஷேகத்துக்கு முன், மாலையும் பட்டும் சாத்தும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு அந்த வாய்ப்பு வராது.

படத்தின் கீழே தலைப்பு, வருடம், பொருள், உயரம்-அகலம்-ஆழம் சென்ரிமீற்றரில். இது விடுபட்டால் வேலையையே கவனமில்லாமல் செய்பவர் என்று எண்ணுவார்கள்.

படி 5: திட்டத்தை எழுதுதல்

முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலம் பிறகு. ஆங்கிலத்தில் நேரே எழுதத் தொடங்கினால், கைக்கு வருவது பிறர் எழுதிய தேய்ந்த வசனங்களாகவே இருக்கும். தமிழில் தெளிவாக நாலு பந்தி எழுதிவிட்டு, ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தால் உங்கள் குரல் தங்கும். நம் விண்ணப்பக் கடிதங்களில் வழக்கமான 'தங்கள் மேலான சமூகத்துக்குப் பணிவன்புடன்' என்ற நடை அங்கே எடுபடாது. குடும்பக் கஷ்டத்தை முதல் பந்தியில் வைக்காதீர்கள். பணத்தேவையைக் கேட்கும் இடம் தனியாக இருக்கும், அங்கே எண்களோடு சொல்லுங்கள்.

ஆய்வுத் திட்டம் என்றால் எல்லையைச் சுருக்குங்கள். 'கொழும்புக் கோயில்களின் சிற்பக்கலையை ஆராய்தல்' என்று எழுதினால் யாரும் பணம் தரமாட்டார்கள். அதற்குப் பதிலாக இப்படி: 'கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் மீள எழுப்பியபோது செதுக்கப்பட்ட தூண்களில் உள்ள உருவங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, அளந்து, அட்டவணைப்படுத்தி, அவற்றைச் செய்த சிற்பிகள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைக் கோயில் ஆவணங்களிலும் அக்காலச் செய்தித்தாள்களிலும் தேடுவேன். எட்டு மாதத்தில் அட்டவணையும் ஒரு கட்டுரையும் முடியும்.' இதில் இடம், காலம், செய்முறை, விளைவு எல்லாம் இருக்கின்றன. வாசிப்பவர் மனதில் தூண் எழுந்து நிற்கிறது.

தலைப்புக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. பொலன்னறுவைச் சிவாலயங்களில் 1907, 1908 காலப்பகுதியில் கிடைத்த நடராசர், சுந்தரர், காரைக்காலம்மையார் வெண்கலங்கள் கொழும்பு தேசிய நூதனசாலையில்தான் இருக்கின்றன. கொழும்பில் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி இந்த நூதனசாலை வெண்கலங்களைப் பற்றி 1914இல் விரிவாக எழுதி வெளியிட்டார். நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அவற்றின் வார்ப்பு முறை, உலோகக் கலவை, செய்தவர்களின் ஊர் பற்றித் தமிழில் இன்னும் நிறைய எழுதலாம். தமிழ் படிக்கத் தெரிந்த, ஆகமமும் சிற்பநூலும் அறிந்த ஓர் ஆய்வாளர் கொண்டுவரும் பலத்தை வெளியிலிருந்து வருபவர் எளிதில் பெற முடியாது. அதைக் கூச்சப்படாமல் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

படி 6: கணக்கு

விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். தொகையைக் குறைத்துக் கேட்டால் இரக்கப்பட்டுத் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது மறுபக்கம். குறைந்த கணக்கைப் பார்த்தால், இவருக்கு வேலையின் அளவே தெரியவில்லை என்று குழு முடிவு செய்யும்.

கல்லை எடுத்துக்கொள்வோம். மூன்றடி உயரம், இரண்டடி அகலம், இரண்டடி தடிப்புள்ள ஒரு கருங்கல் பாளம் 12 கன அடி, அதாவது ஏறத்தாழ 0.34 கன மீற்றர். ஒரு கன மீற்றர் கருங்கல் 2.7 தொன் அளவில் நிறுக்கும் என்பதால், இந்தப் பாளம் 900 கிலோவைத் தாண்டும். அதைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. லொறியும் கிரேனும் வேண்டும், கிரேன் இரண்டு முறை வேண்டும், பட்டறைக்கு இறக்க ஒருமுறை, முடிந்ததும் ஏற்ற ஒருமுறை. வெள்ளவத்தை ஒழுங்கைகளுக்குள் பெரிய கிரேன் திரும்பாது, அதனால் வேலைத்தளத்தையே நகருக்கு வெளியே எடுக்க வேண்டி வரலாம். அந்த வாடகையும் கணக்கில் ஏறும்.

வெண்கலம் வேறு கதை. மெழுகு உருவத்தை நிறுத்துப் பார்த்தாலே உலோகத்தின் அளவு தெரிந்துவிடும். மெழுகைவிட வெண்கலம் ஒன்பது, பத்து மடங்கு கனமானது. இரண்டு கிலோ மெழுகு உருவத்துக்குப் பதினெட்டு முதல் இருபது கிலோ வெண்கலம் போகும். அதற்கு மேல் உலோகம் ஓடும் வாய்க்கால்களுக்கும் வார்ப்பில் வீணாவதற்கும் சேர்த்து வாங்க வேண்டும். பிறகு கம்பிக்கூடு, களிமண், பிளாஸ்டர் அச்சு, சிலிகோன், உலை எரிபொருள், அராவி மெருகிடும் கூலி, நிறமேற்றல், பீடம், மரப்பெட்டி, காப்புறுதி. ஒவ்வொன்றுக்கும் கடையில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். வட்ஸ்அப்பில் வந்த விலையை அப்படியே ஒட்டாமல், கடை முத்திரையோடு ஒரு தாளாகக் கேளுங்கள்.

இப்போது உங்கள் கூலி. இதைப் போடாமல் விடும் பழக்கம் நம் சிற்பிகளிடம் ஆழமாக ஊறியிருக்கிறது, எனக்கு அது மிகுந்த வருத்தம் தருகிறது. கோயில் வேலைக்கு நாள் கணக்கில் கூலி வாங்கும் ஆசாரி, தன் சொந்தப் படைப்புக்கு மட்டும் சும்மா உழைப்பதாக எழுதுகிறார். செய்யாதீர்கள். 90 நாள் வேலை என்றால், 90 நாளுக்கு ஒரு தேர்ந்த சிற்பி வெளியில் வாங்கும் நாட்கூலியைப் போட்டுத் தனி வரியாகக் காட்டுங்கள். உதவியாளருக்கும் அப்படியே. கலைஞருக்கு ஊதியம் கொடுப்பதை நல்ல அறக்கட்டளைகள் எதிர்பார்க்கின்றன. கூலி இல்லாத கணக்குதான் அவர்களுக்குச் சந்தேகம் தரும்.

கடைசியாக நாணய மாற்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சிலிகோன் போன்ற இறக்குமதிப் பொருட்களை டொலரிலும், கூலி, வாடகையை ரூபாயிலும் கணக்கிட்டு, எந்தத் திகதி மாற்று வீதம் என்று குறிப்பிடுங்கள். எதிர்பாராச் செலவுக்கு 10 வீதம் ஒதுக்குவதை யாரும் குறை சொல்வதில்லை.

படி 7: அனுமதிகள்

நூதனசாலைப் பொருட்களை அளக்கவும் படமெடுத்து வெளியிடவும் தேசிய நூதனசாலைகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பழைய தலங்களில் வேலை என்றால் தொல்பொருள் திணைக்களம். கோயில் என்றால் அறங்காவலர் சபையின் கடிதம், அதோடு குருக்களோடு நேரே பேசி, எந்த மூர்த்தத்தைப் படமெடுக்கலாம், எந்த நேரத்தில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூலஸ்தானத்தைத் தவிர்த்துத் திட்டமிடுவதே முறை. பொது இடத்தில் சிற்பம் வைப்பதற்கு இடத்தின் உரிமையாளர் யார் என்று கண்டறிந்து, மாநகர சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை எனத் தொடங்குங்கள். அனுமதி கையில் இல்லாவிட்டாலும், விண்ணப்பித்ததற்கான கடிதப் பிரதியை இணைக்கலாம்.

சிலையை வெளிநாட்டுக்கு அனுப்பும் திட்டம் என்றால், மரபு வடிவில் செய்த புது விக்கிரகத்தைச் சுங்கத்தில் பழம்பொருள் என்று நிறுத்தக்கூடும். தொல்பொருள் திணைக்களத்திடம் முன்கூட்டியே விசாரித்து, செய்முறைப் படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் வைத்திருங்கள்.

படி 8: பெயர், வங்கி, வரி

நம்மவர்கள் பலருக்குப் பெயரே தடையாகிவிடுகிறது. அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தாக, கண்காட்சிக் கையேட்டில் கலைப்பெயராக இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒவ்வொன்றிலும் ஒரு விதம். பணம் வெளிநாட்டிலிருந்து வந்து, பெயர் பொருந்தாமல் திரும்பிப் போவது நடக்கிற காரியம். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே விண்ணப்பத்திலும் வங்கியிலும் வைத்துக்கொள்ளுங்கள். கலைப்பெயரை அதற்கென்று கேட்கும் இடத்தில் மட்டும் எழுதுங்கள்.

வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து வைத்தால் வந்த பணத்தை உடனே ரூபாயாக்க வேண்டியதில்லை. இடையில் உள்ள வங்கிகள் கழிக்கும் கட்டணத்தை யார் ஏற்பது என்று தருபவரிடம் கேளுங்கள். வரி இலக்கம் எடுத்து, கிடைத்த உதவியை எப்படிக் காட்டுவது என்று கணக்காளர் ஒருவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது, பணம் மார்ச்சில் வருமா ஏப்ரலில் வருமா என்பதும் கணக்கை மாற்றும்.

நிறுவனம் வழியாகவே பணம் வரும் திட்டங்களில், பல்கலைக்கழகமோ பதிவான அறநிலையமோ உங்கள் சார்பில் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது வாய்ப்பேச்சோடு நிற்காதீர்கள். நிர்வாகச் செலவாக எத்தனை வீதம் எடுப்பார்கள், எத்தனை தவணையில் உங்களுக்குத் தருவார்கள், முடிந்த சிற்பம் யாருக்குச் சொந்தம், வார்ப்பு அச்சு யார் கையில் இருக்கும் என்ற நான்கையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். சினேகிதமாகத் தொடங்கிய பல வேலைகள் அச்சு யாருக்கு என்ற கேள்வியில்தான் முறிகின்றன.

படி 9: பரிந்துரையும் அனுப்புதலும்

பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் வேலையை அருகில் இருந்து பார்த்தவர் எழுதும் கடிதம் பலம். திட்டத்தின் சுருக்கத்தையும் முடிவுத் திகதியையும் ஆறு வாரத்துக்கு முன்பே அவரிடம் கொடுங்கள். தமிழில் மட்டும் எழுதக்கூடிய மூத்த ஸ்தபதி என்றால், அவருடைய தமிழ்க் கடிதத்தையும் மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்ப முடியுமா என்று அறக்கட்டளையிடம் கேட்கலாம்.

முடிவு நேரம் அவர்கள் ஊர் நேரப்படி. லண்டனில் மாலை 5 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 10.30, கோடையில் 9.30. கடைசி இரவில் இணையம் இழுபடும், மின்சாரமும் போகலாம். இரண்டு நாள் முந்தியே அனுப்பி, கிடைத்ததற்கான மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள்.

படி 10: பதில் வந்த பிறகு

கிடைத்தால், முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் படமெடுத்துத் திகதி வாரியாக வையுங்கள். எழுத்து மங்கும் பில் தாள்கள் சில மாதங்களில் வெள்ளையாகிவிடலாம். திட்டத்தில் மாற்றம் வந்தால், உதாரணமாக வெண்கலத்தை விட்டுச் சீமெந்துக்குப் போக நேர்ந்தால், செலவழிக்கும் முன் அறக்கட்டளைக்கு எழுதி ஒப்புதல் பெறுங்கள். சொல்லாமல் மாற்றினால்தான் சிக்கல், கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

கிடைக்காவிட்டால், குறிப்புரை தர முடியுமா என்று மரியாதையாக ஒரு வரி கேளுங்கள். சிலர் தருவார்கள், சிலர் விண்ணப்பங்கள் மிகுதி என்று தரமாட்டார்கள். எப்போது மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்ற விதியைப் பார்த்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடுத்த முறை அதே எழுத்தைத் தூசு தட்டி அனுப்பாமல், இடையில் செய்த புது வேலையின் படங்களை முன்னால் வைத்து, கொட்டேஷன்களைப் புதுப்பித்து, பழைய கணக்கில் எந்த வரி மெலிந்திருந்தது என்று பாருங்கள். அது பெரும்பாலும் உங்கள் கூலி வரியாக இருக்கும்.